கல்வெட்டுச் சொல்லாய்வுக்கு இணைய நோக்கு நூல்கள்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வரி, நிலம், ஊராட்சி தொடர்பான சொற்களைத் தொகுத்து ஆராய்ந்து வரும் எனக்கு, இணையத்தில் கிடைக்கும் அகராதிகளும் எண்ணிம நூலகங்களும் பல ஆண்டுகளாக அன்றாடக் கருவிகளாக இருந்து வருகின்றன. எதை எதற்குப் பயன்படுத்தலாம், எதை எந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை, இத்துறையில் புதிதாக நுழையும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். ஒரு தளத்தை நான் மதிப்பிடும் அளவுகோல் ஒன்றுதான்: அது தரும் விடைக்கு ஆதாரம் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அது காட்ட வேண்டும்.

அந்த வகையில் முதலிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கே உரியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் ஓர் அனுபந்தமாகவும் வெளிவந்த இந்த அகராதிக்கு, 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவதோடு, அப்பொருளில் அச்சொல் எந்த இலக்கியத்தில் அல்லது எந்தக் கல்வெட்டில் ஆளப்பட்டது என்பதையும் சுருக்கக் குறியீட்டால் அது சுட்டுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எண்ணிமத் தெற்காசிய நூலகம் இதனைத் தேடத்தக்க வடிவில் கட்டணமின்றி வழங்குகிறது. ஒவ்வொரு பதிவும் அச்சு நூலின் பக்க எண்ணோடு இணைந்திருப்பதால், ஆய்வுக் கட்டுரையில் தயக்கமின்றி மேற்கோள் காட்ட முடிகிறது.

இந்தத் தளத்தைத் தலைச்சொல் தேடலுக்கு மட்டும் பயன்படுத்துவோர் அதன் பயனில் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. முழுப் பதிவிலும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை உள்ளிட்டால், தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று தொழிலுக்குத் தொழில் விதிக்கப்பட்ட வரிகளின் பெயர்கள் ஒரே இடத்தில் திரண்டு வருகின்றன. அகரவரிசையில் வெவ்வேறு தொகுதிகளில் சிதறிக் கிடக்கும் இச்சொற்களை அச்சுப் பிரதியில் ஒன்றுசேர்க்க வேண்டுமானால் ஆறு தொகுதிகளையும் பக்கம் பக்கமாகப் படித்தாக வேண்டும். அளவைப் பெயர்கள், நிலவகைகள், கோயிற் பணியாளர் பெயர்கள் ஆகியவற்றையும் நான் இவ்வாறே தொகுத்தேன். முதல் தொகுதியின் முகப்பில் உள்ள சுருக்கக் குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாமல் பதிவுகளின் ஆதாரப் பகுதி விளங்காது.

அகராதியின் எல்லை அதன் காலத்தால் அமைந்தது. கல்வெட்டுகளின் வாசகங்களை அச்சிட்டுத் தரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890-இல் வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய இரண்டாம் தொகுதி போன்ற தொடக்கத் தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. நான்காம் தொகுதியிலிருந்து பெரும்பாலும் மூல வாசகம் மட்டுமே தரப்படுவதால், அங்கே படிப்பவருக்கு அகராதியே துணை. ஆனால் எட்டாம் தொகுதி 1937-இலும் பதின்மூன்றாம் தொகுதி 1952-இலும் வந்தவை. அகராதியின் ஆறு தொகுதிகளும் முடிந்த பிறகு அச்சேறிய இவற்றின் சொற்களை அவற்றில் முழுமையாக எதிர்பார்ப்பது நியாயமாகாது. இந்த இடைவெளியை நிரப்ப எனக்கு உதவுவது, எ. சுப்பராயலு பொறுப்பேற்றுத் தொகுத்து 2002, 2003 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி. பேரகராதியில் ஒரு சொல் இல்லையென்றால் உடனே ஊகத்தில் இறங்காமல், முதலில் இந்நூலைப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் இலக்கியத்தில் ஆளப்பட்டதைச் சரிபார்ப்பதற்கு மதுரைத் திட்டம் பெருந்துணை. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த இந்த மின்தொகுப்பில், ஒரு தொடர் எந்தப் பாடலில் வருகிறது என்பதை நொடிப்பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். அவை தட்டெழுதப்பட்ட பாடங்கள் என்பதால், கண்டுபிடிப்பதற்கு அவற்றையும், மேற்கோள் காட்டுவதற்கு அச்சுப் பதிப்பையும் கொள்வது என் வழக்கம். பாடவேறுபாடு முக்கியமாகும் இடங்களில் இந்த ஒழுங்கைத் தளர்த்தவே கூடாது. அச்சுப் பதிப்பின் பக்கப்படங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பெரும்பாலும் போதுமானவை. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தையும் இக்கல்விக்கழகத் தளத்திலேயே காணலாம். 1954-இல் வெளிவரத் தொடங்கிய நூல் என்பதை நினைவில் வைத்து அதன் தகவல்களைக் கொள்ள வேண்டும். இலங்கையில் கிடைத்த சோழர் கல்வெட்டுகளைப் பற்றி அங்குள்ள இதழ்களிலும் மலர்களிலும் வந்த கட்டுரைகளுக்கு, 2005-இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகத் தளத்தில் தேடுகிறேன்.

நான் நெடுங்காலம் நம்பியிருந்த ஒரு சேகரம் தன் முகவரிகளை அறிவிப்பின்றி மாற்றியபோது, குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த இணைப்புகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. ஆனாலும் பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்த மேற்கோள்கள் அனைத்தையும் மீட்க முடிந்தது. இணைய முகவரி எவ்வளவு நிலையானதாகத் தோன்றினாலும் நூல் விவரத்தை உடன் எழுதுங்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். கேட்டவுடன் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளையும் இதே கண்கொண்டுதான் பார்க்கிறேன். அவை சொல்லும் நூலையும் பக்கத்தையும் நேரில் திறந்து பார்க்காமல் ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் சேர்ப்பதில்லை.

இன்னும் அச்சை மட்டுமே நம்ப வேண்டிய இடங்களும் உண்டு. நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவின் மூன்று தொகுதிகளை நான் நூலகத்தில் அமர்ந்துதான் பார்க்கிறேன். ஓர் அதிகாரியின் பெயர் எந்த ஊரில், எந்த ஆண்டில் வருகிறது என்று தேடுவதற்கு அதற்கு நிகரான கருவி என் கைக்கு வேறெதுவும் கிட்டவில்லை.

இத்தளங்களை நடத்துவோரிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. பேரகராதி சுட்டும் கல்வெட்டுத் தொகுதியும் பக்கமும் ஒரு தளத்தில் எழுத்தாக இருக்கின்றன. அதே தொகுதியின் பக்கப்படம் வேறொரு தளத்தில் இருக்கிறது. அந்தக் குறியீட்டைச் சொடுக்கினால் கல்வெட்டின் வாசகமே திறக்கும்படி இரண்டையும் இணைத்துவிட்டால், இன்று அரை நாள் எடுக்கும் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடியும்.