எந்தக் குறுஞ்செய்தி விரலை நிறுத்தும்?

"சூதாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும். இன்றே நிறுத்துங்கள்."

"அண்ணே, சம்பளம் வந்துச்சே, இன்னைக்கு எவ்வளவு வரைக்கும் போடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

கைபேசியில் சூதாடுகிறவருக்கு இந்த இரண்டில் எதை அனுப்பலாம் என்று எங்கள் கோயில் இளைஞர்கள் கேட்டார்கள். ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தாய்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புக்கு வந்தவர்களே அதிகம். சம்பளத்தில் பாதி ஒரே ராத்திரியில் திரைக்குள் போய்விடும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அதனால் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வகை எச்சரிக்கை. எழுத எளிது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஆடுகிறவருக்கு அது புதுச் செய்தி அல்ல. மனைவி சொல்லிவிட்டார், அம்மா அழுதுவிட்டார், பூசாரி கூட ஒருமுறை சொல்லியிருப்பார். படித்தவுடன் விரல் அதைத் தள்ளிவிடும். பிரிட்டனில் சூதாட்ட விளம்பரங்களில் பல ஆண்டுகள் ஓடிய 'ஜாலி தீர்ந்தால் நிறுத்து' என்கிற மாதிரியான வாசகத்தை ஆய்வாளர்கள் சோதித்தபோது, அதைப் பார்த்தவர்கள் பந்தயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவும் 'பொறுப்போடு ஆடுங்கள்' என்ற பழைய வரியை 2023 மார்ச்சில் கைவிட்டு, ஏழு புது வரிகளைக் கொண்டுவந்தது. 'இன்றைக்கு எவ்வளவு இழக்கத் தயார்?' என்று கேட்பது அவற்றில் ஒன்று.

இரண்டாவது, இளைஞர்கள் கேட்காத இன்னொரு வகை: கணக்குச் சொல்வது. கடையில் போய் 'நாலு நம்பர்' எனும் நான்கு இலக்க எண் குலுக்கலில் பணம் கட்டுபவருக்கு இது ஓரளவு பலிக்கும். பத்தாயிரம் எண்களில் ஒரு குலுக்கலுக்கு 23 எண்கள்தான் விழும். 'பிக்' எனப்படும் பெரிய பந்தயத்தில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அடுத்த பத்துக்குத் தலா 180, ஆறுதல் பத்துக்குத் தலா 60. எல்லாம் சேர்த்து 6,400. பத்தாயிரம் எண்களையும் எடுக்கப் போடுவதோ 10,000. அதாவது போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. இதை அனுப்பினால் சிலர் நின்று யோசிப்பார்கள். ஆனால் கனவில் வந்த எண்ணையும், விபத்தில் சிக்கிய காரின் எண்ணையும் தேடி எடுக்கிற மனசு கணக்குக்கு எளிதில் மசியாது. கைபேசியில் படங்கள் சுழலும் ஸ்லாட் ஆட்டத்துக்கோ இந்தக் கணக்கே கிடையாது. உரிமம் இல்லாத அந்தச் செயலிகளில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை இங்கே எந்த அதிகாரியும் சோதிப்பதில்லை.

மூன்றாவது, மேலே 'அண்ணே' என்று தொடங்கும் செய்தி மாதிரியான கேள்வி. என் ஓட்டு இதற்குத்தான். சூதாட்ட இயந்திரத் திரையில் வரும் செய்திகளை ஆராய்ந்த சாலி மோனகன், அலெக்ஸ் பிளாஸ்சின்ஸ்கி இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. தகவல் சொல்லும் வாசகத்தைவிட, ஆடுகிறவரைத் தன்னைப் பற்றியே யோசிக்கவைக்கும் வாசகம் அவர்கள் எண்ணத்தையும் ஆட்டத்தையும் கூடுதலாகத் தொட்டது.

செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்கிற தம்பி ஒருவரை ஒட்டுக்கடையில் பார்த்தேன். தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிட்டது, கட்டைவிரல் மட்டும் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவருடைய அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "தம்பி, பாப்பாவுக்கு பஸ் காசு எடுத்து வச்சிட்டியா?" விரல் நின்றது. வங்கிச் செயலியைத் திறந்து அக்காவுக்கே பணத்தை அனுப்பினார். "ஒங்கிட்டயே இருக்கட்டும்கா" என்று குரல் பதிவும் போட்டார். அதன்பிறகும் அவர் ஆடத்தான் செய்தார். ஆனால் பஸ் காசு தப்பித்தது. அந்த ஒரு வரியில் சூதாட்டம் என்ற பேச்சே இல்லை, திட்டு இல்லை. எடுத்துவைக்க வேண்டிய பணத்தை மட்டும் கேட்டது.

நேரமும் சரியாக இருந்தது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். எனவே தோட்டத்தில் பணம் எப்போது கைக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். சம்பளம் வந்த அன்றைக்கே வரும் ஒரு கேள்வி, மாதக் கடைசியில் வரும் பத்து அறிவுரைக்குச் சமம்.

சூதாட்டச் செயலிக்கு ஆள் பிடித்துப் பணம் ஏற்றிக் கொடுக்கும் ஏஜெண்டுக்கும் இது தெரியும். அவர் சம்பள நாளன்றே "பாஸ், டாப் அப் பண்ணலையா? போனஸ் இருக்கு" என்று அன்பாகக் கேட்பார். நம் செய்தி போட்டி போடுவது இந்தச் செய்தியோடுதான். வெளிநாட்டில் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாடிக்கையாளரின் கணக்கு இருக்கிறது. எவ்வளவு போட்டார், எவ்வளவு இழந்தார் என்று அந்த நிறுவனத்தையே செய்தி அனுப்பவைக்க முடிகிறது. ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டிலிருந்து, உரிமம் பெற்ற இணையப் பந்தய நிறுவனங்கள் அனைத்திலிருந்தும் ஒரே பதிவில் தன்னை விலக்கிக்கொள்ளலாம். மலேசியாவில் நமக்கோ கையில் இருப்பது 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும். ஒளிந்து நடத்துகிறவரிடம் பாதுகாப்புச் செய்தி அனுப்பச் சொல்லி யார் கேட்பது? எனவே அந்த வேலை அக்காவுக்கும் நண்பனுக்கும்தான் வருகிறது. முதல் காரியமாக, ஆடுகிறவர் கையாலேயே ஏஜெண்டின் எண்ணை முடக்கச் சொல்லுங்கள்.

எஸ்எம்எஸ்ஸா வாட்ஸ்அப்பா? மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவால் 2023 முதல் எஸ்எம்எஸ்ஸில் இணைய இணைப்புகள் (லிங்க்) தடுக்கப்படுகின்றன, அந்த வகையில் அது நல்லது. ஆனால் இளைஞர்கள் எஸ்எம்எஸ் பக்கம் போவதே அபூர்வம். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புங்கள். குழுவில் மட்டும் வேண்டாம். சின்ன ஊரில் ஒருமுறை பெயர் கெட்டால் அவர் அடுத்த முறை ஒளிந்துதான் ஆடுவார். பூட்டிய திரையிலும் முதல் வரி தெரியும் என்பதால் 'ஸ்லாட்', 'கடன்' என்ற சொற்களே அதில் வரக்கூடாது. 'ஸ்லாட்' என்று படித்தாலே கை பரபரக்கும் என்பது இன்னொரு காரணம்.

எந்தச் செய்தியையும்விட பலமான போட்டியாளர் ஒன்று உண்டு: வங்கிச் செயலியின் தினசரிப் பணமாற்ற வரம்பு. குறைப்பதற்குச் சில நொடி போதும். திரும்ப உயர்த்த வேண்டுமானால் சில வங்கிகளில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், ராத்திரி வேகம் அதற்குள் தணிந்துவிடும். ஆனால் அந்த வரம்பைத் தொட யாராவது நினைவூட்ட வேண்டுமே. ஆகவே இளைஞர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "அண்ணே, சம்பளம் வந்துருச்சா? வீட்டுக்கு எடுத்து வச்சுட்டு, பேங்க் லிமிட்டை இப்பவே கொறச்சுடுங்களேன். முடிச்சதும் எனக்கு ஒரு கட்டைவிரல் போடுங்க." அனுப்புவது சம்பள நாள் காலையில், அவருக்குப் பிடித்த ஆள் வழியாக.

ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரிடம் கடன் ஏறி, ஆள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற கட்டத்தில் எந்தக் குறுஞ்செய்தியும் உதவாது. நேரில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555 தாலியான் ஹீலுக்கோ, மனத்துயரைக் காது கொடுத்துக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 24 மணி நேரமும் எடுக்கும் 03-7627 2929 எண்ணுக்கோ அவரோடு சேர்ந்து அழையுங்கள்.