ஏழு வார விடுப்பில் ஒரு ரிஜிஸ்டர் கல்யாணம்

டொரொண்டோவிலிருந்து ஏழு வார விடுப்பில் ஊருக்கு வந்தேன். வீட்டுச் சம்மதம் இல்லாமல், ஐயரும் பாதிரியாரும் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினேன். இதற்காகவே ஊருக்கு வர நினைப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் கடைசிப் பத்து நாள் தூக்கம் கெட்டிருக்காது.

நான் திருச்சி இந்துக் குடும்பம். அவர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம், வேலை சென்னையில். சடங்கிலும் மதம் மாறுவதிலும் இருவருக்குமே விருப்பமில்லை. அப்படியானால் இங்கே வழக்கமான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடிருக்கும் துணை வேறு இருக்கக்கூடாது. பெற்றோர் கையெழுத்து எங்கும் தேவையில்லை.

நாள் கணக்குதான் முக்கியம். இருவரில் ஒருவராவது கல்யாணம் செய்யும் மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான், கல்யாணம் செய்யப்போகிறோம் என்று சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுக்க முடியும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நான் மட்டும் வந்து தங்கித் தொடங்கியிருந்தால் இரண்டு மாதமும் போதாது. அவர் ஏற்கெனவே சென்னைவாசி என்பதால் முதல் 30 நாள் மிச்சமானது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வந்த நான்காம் நாள் சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். வயதுக்கான சான்று, முகவரிச் சான்று, போட்டோக்கள், என் பாஸ்போர்ட், இந்தியத் துணைத் தூதரகத்தில் நான் வாங்கி வந்திருந்த திருமணமாகாதவர் சான்று எல்லாம் கையில் இருந்தன. வாசலிலேயே ஒருவர் வந்து, "முப்பது நாளெல்லாம் வேணாம்மா, பதினைஞ்சாயிரம் குடுங்க, அடுத்த வாரமே முடிச்சுடலாம்" என்றார். தயவுசெய்து இந்த வலையில் விழாதீர்கள். அந்த 30 நாளைச் சட்டப்படி யாராலும் குறைக்க முடியாது. தேதி மாற்றி வாங்கிய சான்றிதழை நாளைக்கு விசா அதிகாரியோ குடும்பத்தாரோ கேள்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

நோட்டீஸ் விஷயம்தான் என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது. நம் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் எழுதி, அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுகிறார்கள். நோட்டீஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அதோடு முடிவதில்லை. இருவரில் ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். என் பாஸ்போர்ட்டில் இருந்தது திருச்சி முகவரி. வீட்டுக்குக் கடிதம் அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஊரில் ஒட்டினால் கடிதம் எதற்கு? ஓடிவந்து கல்யாணம் செய்பவர்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும், அவர்கள் பெயரையும் முகவரியையும் 30 நாள் சுவரில் வைப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2021-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், ஜோடி விரும்பினால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. அது உத்தரப் பிரதேசத்தில். இங்கே ஒட்டத்தான் செய்கிறார்கள்.

நான் பயந்தபடியே ஆனது. இருபத்தாறாம் நாள் சித்தப்பா வந்து ஆட்சேபனை மனு கொடுத்துவிட்டுப் போனார். 'வேறு மதம், பெற்றோர் சம்மதம் இல்லை, பெண் மனம் மாற்றப்பட்டிருக்கிறாள்.' அலுவலகத்தில் மனுவைப் பார்த்ததும், "வீட்ல பேசிட்டு வாங்களேம்மா" என்று எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். எங்கள் வக்கீல் மேடம் நிதானமாகச் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். வயது, முந்தைய திருமணம், மனநிலை, நெருங்கிய உறவு போன்று நான்காம் பிரிவில் சொல்லப்பட்டவற்றை வைத்து மட்டுமே ஆட்சேபிக்க முடியும். மதமும் சாதியும் பெற்றோர் விருப்பமும் அதில் கிடையாது. ஆட்சேபனை வந்தால் அலுவலர் விசாரித்து 30 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டுவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எங்களுக்கு ஒன்பது நாளில் மனு தள்ளுபடியானது. இருந்தாலும் அந்த ஒன்பது நாளுக்கும் சேர்த்து விடுப்பு கையில் இல்லாமல் இருந்திருந்தால்? அதனால்தான் சொல்கிறேன், கணக்குக்கு மேலே குறைந்தது இரண்டு வாரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு சின்ன விஷயம் இடையில். இந்தச் சட்டத்தின் நெருங்கிய உறவுப் பட்டியலில் அத்தை, மாமா பிள்ளைகளும் வருகிறார்கள். வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டு. முறைப்பையன் முறைப்பெண்ணாக இருப்பவர்கள் இதை முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருந்த நாட்களில் அதே பெஞ்சில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது. கூட வந்த பையனும் அவளும் வேறு வேறு சாதி, இருவரும் இந்து. "அக்கா, எங்க வீட்ல நோட்டீஸப் பாத்தா வெட்டிடுவாங்கக்கா" என்று சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. ஒரு பத்திர எழுத்தர் அவர்களுக்கும் இந்த 30 நாள் வழியைத்தான் சொல்லியிருக்கிறார். தேவையே இல்லை! இருவரும் இந்துவாக இருந்தால் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். நாத்திகராக இருந்தாலும் தடையில்லை.

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததில் தொடங்கிய முறை இது. 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும்படி ஆக்கினார். உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னால், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். முன்நோட்டீஸ் இல்லை, காத்திருப்பு இல்லை. ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வக்கீல்கள்கூடத் தொழில்முறையில் அல்லாமல், நண்பராக நின்று நடத்திவைக்கலாம். அதன்பின் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தத் திருமணத்துக்கும் பதிவு கட்டாயம்.

வக்கீல் மேடம் அவர்களுக்கு இதைச் சொன்ன நாலாம் நாள் எனக்குப் படம் வந்தது. இருவர் கழுத்திலும் மாலை மட்டும், தாலி இல்லை. பாதுகாப்புக் கேட்டு முதலில் காவல் துறையிடம் மனு கொடுத்த பிறகே செய்திருந்தார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்பவர்களுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-ல் உச்சநீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள். மனுவுக்குக் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் முறை வந்தபோது மொத்தமே இருபது நிமிடம்தான். மூன்று சாட்சிகள்: என் கல்லூரித் தோழி, அவருடைய அக்கா, அவர் அலுவலக நண்பர். முதலில் எல்லாரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் சார்பதிவாளர், சாட்சிகள் முன்னால், உன்னை என் சட்டப்படியான கணவனாக ஏற்கிறேன் என்று நான் தமிழிலேயே சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார். சட்டம் கேட்பது இந்த ஒரு வாக்கியம்தான். இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த எனக்கு, அதைச் சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவருடைய அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எனக்கு அப்பா பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அவருக்கான ஸ்பான்சர் விண்ணப்பத்தில் சிக்கல் வரும். திருத்தி வாங்க மூன்று நடை நடந்து, விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மாலைதான் சரியான பிரதி கிடைத்தது. கூடவே சான்றிட்ட நகல்கள் நான்கு வாங்கிக்கொண்டேன். இரண்டு அவரிடம் இருக்கின்றன.