தோளை அழுத்தினார், பொட்டில் வலித்தது

தலையை இடப்பக்கம் திருப்பினால் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை சுரீரென்று இழுக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பிலும் நரம்பிலும் கோளாறில்லை, தசை இறுக்கம்தான் என்று பிசியோதெரபி மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்பா மசாஜும் எனக்குப் பழக்கம்தான் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டே எழுதுகிறேன்.

மையத்தில் படுக்கச் சொல்வதற்கு முன்பே தெரபிஸ்டிடமிருந்து கேள்விகள் வந்தன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? காய்ச்சல் உண்டா? கை மரத்துப்போகிறதா? ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியதா? கடைசிக் கேள்விக்குக் காரணத்தையும் சொன்னார். காலின் ஆழமான ரத்தநாளத்தில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அது பிரிந்துபோய் நுரையீரலை அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்து. அப்புறம் தலையை எவ்வளவு தூரம் திருப்ப முடிகிறது என்று பார்த்தார். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டார். 7 என்றேன்.

எண்ணெய் கொஞ்சம்தான். தோளின் மேற்புறத்தில் இருக்கும் டிரபீசியஸ் தசை மேல் கட்டைவிரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. அழுத்தினார், வலி நெற்றிப்பொட்டில் தெறித்தது. "மூச்சைப் பிடிக்காதீங்க, தாங்க முடியலைன்னா உடனே சொல்லுங்க" என்று சொல்லி, அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முடிச்சு இளகுவது எனக்கே தெரிந்தது. மறுபடி திருப்பிப் பார்க்கச் சொன்னார். 4 என்றேன்.

ஸ்பா மசாஜை நான் மட்டமாகச் சொல்லவே மாட்டேன். உடம்பு முழுக்க ஒரே சீராக நீளநீளமாக வருடும்போது மனசு அடங்கி, அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் நான் போன ஒரு ஸ்பாவில், டிஸ்க் பிரச்சினை, சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அழுத்தம் அதிகமானால்கூடத் தெரியாது. அவரிடம் எதுவும் கேட்காமல் கை வைப்பது அநியாயம்.

மையத்திலும் குறைகள் உண்டு. திரைச்சீலைதான் தடுப்பு, பக்கத்துக் கட்டில் பேச்செல்லாம் கேட்கிறது. விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. மறுநாள் தோள் அடித்துப்போட்டது போல வலித்தது, அதை முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள். மசாஜ் தரும் நிவாரணம் கொஞ்ச நாளைக்குத்தான், வீட்டில் பயிற்சி செய்தால்தான் நிலைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே 5-க்கு 4 நட்சத்திரம் தருகிறேன்.

போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே தெரபிஸ்ட் கிடைக்கும்படி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆள் மாறினால் முடிச்சைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.