வியூபேஜர்2-ஆ, ஹாரிசாண்டல்பேஜரா?

ஆண்ட்ராய்டில் விரலால் தள்ளி மாற்றும் டேப் வேண்டும், ஆனால் எதில் எழுதுவது என்று குழம்புபவர்களுக்கு. ஒன்று 2019-இல் நிலைப்பதிப்பாக வந்த வியூபேஜர்2, மற்றது, எக்ஸ்எம்எல் இல்லாமல் கோட்லின் நிரலிலேயே திரையை எழுதும் கம்போஸின் ஹாரிசாண்டல்பேஜர் (கீழே சுருக்கமாகப் பேஜர்).

எழுதும் வேலை:
வியூபேஜர்2: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃப்ராக்மென்ட்டை (திரையின் தனிப் பகுதி) எடுத்துத் தர ஃப்ராக்மென்ட்ஸ்டேட்அடாப்டர் வேண்டும், டேப்லேஅவுட்டோடு இணைக்க டேப்லேஅவுட்மீடியேட்டர் வேண்டும், திரை அமைப்பை எழுதும் எக்ஸ்எம்எல் தனி.
பேஜர்: எந்தப் பக்கம் என்று நினைவில் வைக்க ரிமெம்பர்பேஜர்ஸ்டேட், டேப் வரிசைக்கு ஒரு டேப்ரோ, அவ்வளவுதான். டேப்பைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கு நகர்த்த அனிமேட்ஸ்க்ரால்டுபேஜ். அது சஸ்பெண்ட் ஃபங்ஷன் (இடையில் நின்று பிறகு தொடரக்கூடியது) என்பதால், அத்தகையவற்றை ஓட்டும் கோருட்டீனுக்குள் அழைக்க வேண்டும்.

பக்கத்துக்குள் இன்னொரு கிடைமட்டப் பட்டியல்:
வியூபேஜர்2: இங்கேதான் தலைவலி. உள்ளே இருக்கும் பட்டியலை (ரீசைக்ளர்வியூ) தள்ளினால் டேப் மாறிவிடும். கூகுளே தன் மாதிரி நிரலில் நெஸ்டட்ஸ்க்ராலபிள்ஹோஸ்ட் என்று ஓர் உறை எழுதித் தந்திருக்கிறது, அதை நாமே நகலெடுத்துப் போட வேண்டும்.
பேஜர்: உள்ளே இருக்கும் கிடைமட்டப் பட்டியல் (லேஸிரோ) முதலில் நகரும், அது முடிந்த பிறகுதான் பக்கம் நகரும்.

எந்தப் பக்கம் திரையில் இருக்கிறது:
வியூபேஜர்2: தெரியும் ஃப்ராக்மென்ட் மட்டுமே ரெஸ்யூம்ட் (இயங்கும்) நிலையில் இருக்கும், அதனால் வீடியோவை நிறுத்த, அந்த நிலை முடியும்போது அழைக்கப்படும் ஆன்பாஸ் போதும். இது உண்மையிலேயே வசதி.
பேஜர்: நாமே கவனிக்க வேண்டும். கரன்ட்பேஜ் பாதித் தள்ளலிலேயே மாறிவிடும், ஆகவே தரவு ஏற்றவும் பார்வைக் கணக்கு எடுக்கவும், நகர்வு நின்ற பிறகே மாறும் செட்டில்ட்பேஜைப் பாருங்கள். அப்புறம், பக்கத்துக்குள் வெறும் ரிமெம்பரில் வைத்த மதிப்பு, பக்கம் தள்ளிப்போனதும் போய்விடும்; ரிமெம்பர்சேவபிள் போடுங்கள்.

புதிய ஆப், எல்லாமே கம்போஸ் என்றால் பேஜர்தான். ஏற்கெனவே ஃப்ராக்மென்ட்கள் நிறைந்த ஆப் என்றால் டேப்புக்காக மட்டும் மாற்றாதீர்கள், வியூபேஜர்2 போதும். டேப்பில் விரலால் நகர்த்தும் வரைபடம் (மேப்) இருந்தால், இரண்டில் எதுவானாலும் சரி, அந்தப் பக்கத்தில் டேப் மாற்றும் தள்ளலை அணைத்துவிடுங்கள்.