மாவா, பொடியா, வார இறுதிச் சாப்பாடா? வேலையை விடாமல் பெங்களூரில் எது ஓடும்

நானும் என் கணவரும் முழுநேர வேலையில் இருக்கிறோம். அவருக்கு ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ், எனக்கு மாரத்தஹள்ளியில். வீடு ராமமூர்த்தி நகர். திருநெல்வேலியிலிருந்து அத்தை எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்த பிறகுதான் உணவுத் தொழில் என்ற எண்ணமே வந்தது. மூன்று வருடத்தில் இட்லி மாவு, பொடி, சனி ஞாயிறு சாப்பாடு என்று மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம். இப்போது யாராவது யோசனை கேட்டால், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மாவுக்கு இந்த ஊரில் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம். 2005-ல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்களும் இங்கே தொடங்கிய ஐடி ஃப்ரெஷ், மாவு விற்றே வளர்ந்த நிறுவனம். எங்களுக்கும் முதல் மாதத்திலேயே நான்கு கடைகள் கிடைத்தன. 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 12 கிலோ மாவு வரும். தினமும் இரண்டு ஈடு, 24 கிலோ. அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் போக ஒரு நாளைக்கு 700 ரூபாய் நின்றது. வாரத்துக்கு ஆறு நாள், 4,200. இன்று வாங்கியவர் நாளை மறுநாள் மறுபடி வருவார். இந்த ஓட்டம் பொடியில் கிடையாது.

ஆனால் மாவுக்கு நேரம் தவறக் கூடாது. காலை 10 மணிக்கு ஊறப்போட வேண்டும், மதியம் 2 மணிக்குக் கிரைண்டர் ஓட வேண்டும். அந்த இரண்டு நேரத்திலும் நாங்கள் ஆபீஸில் இருப்போம். டிசம்பரில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும்போது விடிந்தாலும் மாவு பொங்காது. ஏப்ரலில் கடையிலேயே பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிடும். ஒரு கடைக்காரர் இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போவது பதினொரு பாக்கெட் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது அரிசி களையவும் கிரைண்டர் கழுவவும் குடம் குடமாகத் தண்ணீர் செலவாவதைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை.

எனக்கு ஆபீஸில் வேலை நெருக்குகிற நாளில் அத்தை சொல்வது ஒன்றுதான்: "நீ போம்மா, நான் பார்த்துக்கிடுதேன்." பதினான்கு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அத்தை ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்தபடி மறு கையால் பாத்திரத்தில் மாவை வழித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் தைலம் தேய்த்து, மேலே பழைய துணியைச் சுற்றியிருந்தார். நாங்கள் இருவரும் 'வேலையோடு சேர்த்துத் தொழில்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த தொழிலில் முழுநேர வேலை பார்த்தது அவர்தான், அதுவும் சம்பளமில்லாமல். அவருடைய ஐந்து மணி நேரத்துக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் அந்த 700 ரூபாயில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

பொடிக்கு அந்த அவசரம் இல்லை. சனிக்கிழமை வேலை வந்துவிட்டால் ஞாயிறு வறுத்துக்கொள்ளலாம், உளுந்து காத்திருக்கும். வாரம் 8 கிலோ இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்கிறோம். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஆறு மணி நேரம், அப்புறம் பாக்கெட் போட மூன்று மணி நேரம். கிலோவுக்குச் செலவு போக 360 ரூபாய், வாரத்துக்கு 2,880. மாவை விடக் குறைவுதான். ஆனால் ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு என்று பார்த்தால் மாவில் 140 ரூபாய், இதில் 190-க்கு மேல்.

பொடியில் கவனம் வேறு இடத்தில் தேவை. பருப்பை வகைவகையாகத் தனித்தனியே வறுக்க வேண்டும், எள் கடைசியில். மிளகாயில் பாதி பியாடகி, பாதி குண்டூர் போடுகிறோம், முன்னது நிறத்துக்கு, பின்னது காரத்துக்கு. அரைத்த பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, கைக்கு முழுசாக ஆறின பிறகுதான் பாக்கெட்டில் போட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, பத்து நாளில் கட்டிதட்டிவிடும்.

லேபிளில் எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பருப்பும் மிளகாயும்தானே என்று நினைத்துப் பொருள் பட்டியல் அச்சடித்தால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆபத்து. எங்கள் முதல் ஐந்நூறு லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்தோம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு மாவு, பொடி இரண்டுக்குமே வேண்டும். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

சனி ஞாயிறு சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஆறு வாரம் ஆப் வழியாக விற்றோம். கமிஷனும் டப்பாச் செலவும் போக மிஞ்சியது சொற்பம், வாரம் முழுக்க ஓய்வே இல்லை. மழை பெய்த ஒரு ஞாயிறு 30 பேருக்கு வடித்த சோற்றில் பாதி மீந்துவிட்டது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சமைப்பதென்றால் சரி, மற்றபடி நான் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் முதல் நாளே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று. 2025 ஜூலையில் யூபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, வீட்டுப் பணத்தையும் வியாபாரப் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருந்தவர்கள் எது எதுவென்று பிரித்துக்காட்டத் திண்டாடினார்கள். இன்னொன்று ஆபீஸ். 2022-ல் விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியது, போட்டி நிறுவனத்துக்கு வேலை பார்த்ததற்காக. பொடி விற்பது அந்த ரகம் இல்லைதான். இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு அனுமதி வர மூன்று வாரம் ஆனது.

அத்தை இப்போது சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடி வறுபடும் வாசனையை வைத்தே "போதும், இறக்கு" என்று சொல்வார். அதற்கும் மாதம் பிறந்தால் ஒரு தொகை அவர் கணக்குக்குப் போகிறது. முதல் மாதம் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார், இப்போது பாஸ்புக்கில் வரவு பதிந்துவர அவரே போகிறார். மாவு கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி, பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள், அளவாக 12 கிலோ மட்டும் அரைக்கிறார்கள். அவர்களிடம் அனுப்பிவிடுகிறோம்.