அடுக்கு எண்களை வகுக்க காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர்: ஊட்டி, கொடைக்கானல் கல்லூரி மாணவர்களுக்காக

இதை வாங்க ஒரு விசையே போதுமான காரணம்: கீழ் வரிசையில், புள்ளிக்கு அடுத்து இருக்கும் ‘×10 அடுக்கு’ விசை. பலர் அதைத் தொடாமல் ×, 1, 0, அடுக்குக்குறி, 8 என்று தனித்தனியாகத் தட்டுகிறார்கள். பெருக்கலில் இதனால் கெடுதல் இல்லை. வகுத்தலில்தான் விடை சிதைகிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைச் சரிவில் இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலைநீளம் வேண்டுமானால் ஒளிவேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும்: 2.998×10⁸ ÷ 3.265×10⁸. சரியான விடை 0.9182 மீட்டர். தனித்தனியாகத் தட்டினால் 9.182×10¹⁵ வரும். மீட்டரில் அது கிட்டத்தட்ட ஓர் ஒளியாண்டு! கருவியில் பிழை இல்லை. அது இடமிருந்து வலமாகப் போய் 3.265ஆல் மட்டும் வகுத்துவிட்டு, கடைசி 10⁸ஐப் பெருக்கிவிடுகிறது. ‘×10 அடுக்கு’ விசையில் போட்டால் 3.265×10⁸ முழுவதும் ஒரே எண், அடைப்புக்குறிகூட வேண்டாம். அந்த விசைக்கு முன்னால் ×10 என்று மறுபடி தட்டிவிடாதீர்கள், எண் பத்து மடங்காகிவிடும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் படமெடுக்கும் ஹைட்ரஜன் ஆல்பா ஒளியின் அலைநீளம் 6.563×10⁻⁷ மீட்டர். அதிர்வெண் காண ஒளிவேகத்தை இதனால் வகுக்க வேண்டும். கையால் முதலில் அடுக்கைக் கழித்துப் பாருங்கள்: 8 − (−7) = 15. முன் எண்களை வகுத்தால் 0.4568. ஒன்றுக்குக் கீழே வந்ததால் புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளி, அடுக்கில் ஒன்று குறைக்க வேண்டும்: 4.568×10¹⁴. திரையிலும் இதுவே வர வேண்டும். அடுக்கே இல்லாமல் வெறும் 4.568 என்று வந்தால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. நீட், ஜேஇஇ அறைக்குள் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இந்தக் கைக்கணக்கை விடவே கூடாது.

ஷிஃப்ட், மோட், 7, 4 என்று அழுத்தினால் விடை நான்கு இலக்கத்தில், அறிவியல் குறியீட்டிலேயே வரும். அப்போது முத்தோரை விடை 9.182×10⁻¹ என்று தெரியும். அந்த −1ஐ விட்டுவிட்டு எழுதுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் தவறு. விடை பின்னமாக வந்து தொல்லை கொடுத்தால் ஷிஃப்ட், மோட், 2 போட்டு ஒற்றை வரி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒளிவேகத்தைத் தட்டக்கூட வேண்டாம்: ஷிஃப்ட், 7, 28.

மலைக்கு ஒரு எச்சரிக்கை. இது 0 முதல் 40 டிகிரிக்குள் இயங்கவே செய்யப்பட்டது. உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். சூரியத் தகட்டோடு பட்டன் பேட்டரியும் இருப்பதால் மூடுபனி நாளிலும் வேலை செய்யும்.

வகுத்தல் மட்டும் போதும் என்றால் விலை குறைந்த எஃப்எக்ஸ்-82எம்எஸ் போதும். அதன் பழைய பதிப்பில் இதே விசைக்கு இஎக்ஸ்பி என்று பெயர். ஒளிவேகம் போன்ற மாறிலிகள் அதில் இருக்காது.