பாலிமர் இழுவைச் சோதனை: கிளிப்பா, கேமராவா?

பாலிமரை இழுத்துப் பார்க்கும்போது திரிபை, அதாவது நீளம் எவ்வளவு விகிதத்தில் மாறியது என்பதை, எதைக் கொண்டு அளப்பது? மாதிரியைக் கவ்வும் கிளிப் எக்ஸ்டென்சோமீட்டரா, தொடாமல் பார்க்கும் கேமராவா? இரண்டிலும் வேலை செய்துவிட்டு நான் கேமரா பக்கம் வந்துவிட்டேன். இயந்திரத் தாடையின் நகர்வை வைத்துத் திரிபு கணக்கிடுவதை இங்கே சேர்க்கவே இல்லை. பிடியில் வழுக்குவதும் இயந்திரமே நெகிழ்வதும் அதில் கலந்துவிடும்.

யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) மட்டும் வேண்டுமென்றால் கிளிப் தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் இழுவைச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 527 அதை 0.05% முதல் 0.25% வரையிலான திரிபில் எடுக்கச் சொல்கிறது. 50 மி.மீ. நீளத்தில் அது வெறும் 0.1 மி.மீ. நீட்சி. நல்ல கிளிப் அதைச் சுத்தமாகப் பிடிக்கும். மெல்லிய படலமாக இருந்தால் மட்டும் கத்திமுனை பதிந்த இடத்திலேயே கிழியக்கூடும்.

மாதிரியில் கழுத்து விழுந்ததும், அதாவது ஓரிடம் மட்டும் ஒடுங்கி நீளத் தொடங்கியதும், கதை மாறுகிறது. பாலிஎத்திலீனில் 50 மி.மீ. நீளத்துக்குள் 5 மி.மீ. மட்டும் 200% நீண்டு, மீதி 45 மி.மீ. 8% நீண்டது என்று வையுங்கள். கிளிப் சொல்வது சுமார் 27%. அந்த அளவு திரிபு மாதிரியில் ஓரிடத்திலும் இல்லை! கேமரா கழுத்தின் நடுவிலேயே நின்று பார்க்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது சேதம்தான். பாலிபுரொப்பிலீனை இழுக்கும்போது நடுவில் வெளுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். உள்ளே நுண்குழிகள் திறந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. குழி திறந்தால் பருமன் கூடும். அதனால் நெடுக்கில் மட்டுமல்லாமல் குறுக்கிலும் அளக்க வேண்டும். உதாரணமாக, மடக்கைத் திரிபு (புது நீளத்துக்கும் பழைய நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கை) நெடுக்கில் 1.0, அகலத்திலும் தடிமனிலும் −0.45 என்றால் கூட்டுத்தொகை 0.1, பருமன் சுமார் 10.5% கூடியிருக்கிறது. பருமன் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு உண்மைத் தகைவை (விசையை அந்த நேரத்துக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது) கணக்கிட்டால் அதுவும் அதே 10.5% ஏறித் தெரியும். அதாவது சேதத்தை வலிமை என்று எழுதிவிடுவோம். நெடுக்கில் மட்டும் மாட்டிய கிளிப்புக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கேமராவும் சும்மா வேலை செய்யாது. அது பின்தொடர்வதற்காக மாதிரிமேல் போடும் புள்ளிப் பூச்சு, மாதிரியோடு சேர்ந்து நீள வேண்டும். அதிக நீட்சியில் வெடித்து உதிர்ந்தால் மென்பொருள் புள்ளிகளைத் தொலைத்துவிடும். வெள்ளை அடிப்பூச்சு போட்டு அதன்மேல் கருப்புப் புள்ளி தெளித்தால், மாதிரி வெளுக்கும்போது படத்தின் மாறுபாடு குலையாது. ஒற்றைக் கேமரா என்றால் தூரமும் முக்கியம்: 1 மீட்டர் தள்ளி நிற்கும் மாதிரி 1 மி.மீ. முன்னால் வந்தாலே 0.1% பொய்த் திரிபு சேரும். குணகம் எடுக்கிற வேலையை அது கெடுத்துவிடும், அதனால் அதற்கு இன்னும் கிளிப்பைத்தான் மாட்டுகிறேன்.

அறை வெப்பநிலையில், மெதுவான இழுப்பில் கண்டதை வைத்தே இதையெல்லாம் சொல்கிறேன். சூட்டுப் பெட்டிக்குள்ளும் அதிவேகத்திலும் எனக்குப் பழக்கம் குறைவு.

அப்புறம், கேமரா வாங்குவதானால் பக்கவாட்டுக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். தட்டையான மாதிரியில் தடிமனும் அகலமும் ஒரே அளவில் சுருங்கும் என்று நம்பி, அகலத்தை மட்டும் அளந்து இரட்டித்தால், அதில் 0.01 பிழை பருமனில் 0.02 ஆகிவிடும். மேலே சொன்ன 0.1-இல் அது ஐந்தில் ஒரு பங்கு.